சரக்குப் பெட்டகம் வீடாகுமா?

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டிகளைக் காணாதார் இலர். ‘கன்டெய்னர்’ என்று நாம் பேச்சில் வழங்கும் அவ்விரும்புப் பெட்டகம் கடல் கடந்து சரக்கைக் கொண்டு செல்வதற்கென்றே ஏற்பட்டது. அதனையே சிறு வீடாக மாற்றிக் குடியேறலாம் என்னும் கருத்து இப்போது நம் பகுதிகளிலும் பரவி வருகிறது.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து தொழில் கருதி அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வந்து, பல்லாண்டு வாடகை வீட்டில் காலங்கழித்து, பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ அரைக் கிரவுண்டு மனை ஒன்றை எப்படியோ வாங்கிவிட்ட குடும்பங்கள் பல. மனை வாங்கியதோடு கைப்பொருள் தீர்ந்துவிடுகிறது. கட்டடம் எழுப்பவோ இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். அந்நிலையில், ‘ஒரு பெட்டகத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் அடுத்த மாதமே குடிபோகலாம்’ என்று ஒருவர் கூறினால் மனம் அதன்பால் செல்வது இயல்பே. வாடகை மிச்சமாகும், சொந்த வீடு என்னும் நிறைவும் கிட்டும். ஆயின், அவ்வீட்டினுள் சித்திரை மாதத்துப் பகற்பொழுது முழுவதையும் கழிக்கப் போகிறவர்கள் வேலைக்குச் செல்வோர் அல்லர், முதியோரும் கைக்குழந்தைகளுமே. ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே இப்பொருளின் இயல்பை முறையாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். அதன் பொருட்டே இக்கட்டுரை.

பெட்டகத்தின் பிறப்பு

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டன் நகர் நோக்கி ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டகங்களுடன் புறப்பட்டது. லாரித் தொழில் நடத்திவந்த மால்கம் மெக்லீன் என்பாரின் முயற்சி அது. அதற்கு முன்னர் மூட்டை மூட்டையாகவும் பீப்பாய் பீப்பாயாகவும் ஆட்கள் சுமந்து கப்பலில் அடுக்கிய சரக்கு, அன்று முதல் பெட்டியோடு ஏறிப் பெட்டியோடு இறங்கலாயிற்று. பின்னர்ப் பன்னாட்டுத் தர நிறுவனம் அளவுகளை வரையறுத்தது. எந்த நாட்டில் செய்த பெட்டகமும் எந்த நாட்டுக் கப்பலிலும் பொருந்துவது அதனாலேயே. நம் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் 1983 டிசம்பரில் தொடங்கியது.

பெட்டகத்தை வீடாக்கும் எண்ணமும் புதியதன்று. பிலிப் கிளார்க் என்னும் அமெரிக்கர் இதற்கெனக் காப்புரிமை கோரி 1987இல் விண்ணப்பித்து 1989இல் பெற்றார். இலண்டனில் 2001இல் ‘கன்டெய்னர் சிட்டி’ எழுந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் ‘கீட்வோனன்’ என்னும் மாணவர் குடியிருப்பு, ஏறத்தாழ 1000 பெட்டக அறைகளோடு 2006இல் நிறைவுற்றது. இவற்றின் படங்களைக் கண்டுதான் நம்மவர் பலர் மயங்குகின்றனர். அவை குளிர்நாட்டு ஊர்கள். அங்குள்ள கவலை உள்வெப்பம் வெளியே போய்விடாமல் காப்பது. நம் கவலையோ அதற்கு நேர்மாறானது.

வெப்ப நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், 2022ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டிக்காகக் கத்தார் நாட்டின் தோஹா நகரில் எழுப்பிய ‘974’ அரங்கைக் கூறலாம். அரங்கின் பெயரே அதிற் பயன்பட்ட பெட்டகங்களின் எண்ணிக்கையாகும். அங்கு மற்ற அரங்குகளைப் போலக் குளிரூட்டும் வசதி இல்லை. ஆகவே, அங்கு நடந்த ஆட்டங்கள் அனைத்தும் மாலை 7 மணிக்கோ அதற்குப் பின்னரோதான் தொடங்கின. கத்தாரில் அது நவம்பர், டிசம்பர் மாதங்கள் என்பதையும் கருதுக.

நான்கு மூலைகளின் வலிமை

20 அடிப் பெட்டகத்தின் வெளி அளவு நீளம் 20 அடி, அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. வெறும் பெட்டகத்தின் எடையே ஏறக்குறைய இரண்டேகால் டன். பக்கச் சுவர், அலை அலையாக மடித்த எஃகுத் தகடு. அதன் கனம் 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. இத்துணை மெல்லிய தகட்டுப் பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு ஒன்பது அடுக்கைத் தாங்குவது எங்ஙனம் என்னும் வினா எழும். தாங்குவது சுவர் அன்று. நான்கு மூலைத் தூண்களே. பெட்டகத்தின் கதவில் ஒரு சிறு உலோகத் தகடு பதித்திருக்கும். 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின்படி அமைவது அது. அதனை உற்று நோக்கின், மேலே அடுக்கத்தக்க எடை 1,92,000 கிலோ என்று பல பெட்டகங்களில் பொறித்திருப்பதைக் காணலாம். 192 டன்! ஆனால் அவ்வெடை மூலைகளின்மேல் மட்டுமே வருதல் வேண்டும். கூரைத் தகட்டையோ, ஓர் ஆள் இருவர் ஏறி நிற்கும் அளவுக்கு, அதாவது 300 கிலோ எடைக்கு மட்டுமே சோதிப்பர்.

இதனை அறியாதார் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, கூரையின் நடுவில் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிவிடுவது. 1000 லிட்டர் நீரின் எடை ஒரு டன். தொட்டிக்குத் தனியே இரும்புக் கால்கள் நிறுத்துவதே முறை. மற்றொன்று, சன்னலுக்கும் கதவுக்கும் சுவரைத் தாராளமாக வெட்டுவது. மடிப்புத் தகடு பெட்டகம் கோணாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெட்டிய ஒவ்வொரு திறப்பைச் சுற்றியும் சதுரக் குழாய்ச் சட்டம் வைத்து முழுநீளமும் வெல்டிங் செய்தல் வேண்டும். ஒரு பக்கச் சுவர் முழுவதையும் அகற்றினால் மேல் உத்தரத்தைத் தாங்க நடுவில் தூண் வேண்டும். இத்தொழிலில் வல்லார் நம் பகுதியில் ஏராளம். 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை, 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பின்னர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று வளர்ந்த இம்மேற்குப் புறநகரில், எஃகுத் தகட்டை வெட்டி மடித்துப் பற்றவைக்கும் கைத்திறன் இரண்டு மூன்று தலைமுறையாக ஊறியிருக்கிறது. அத்திறனை எதற்குப் பயன்கொள்வது என்பதே நம் ஆராய்ச்சி.

உயரமும் அகலமும்

சக்கரமின்றி மனையில் நிலையாக நிற்பதும், மனிதர் குடியிருப்பதுமான ஒன்று எப்பொருளால் ஆயினும் சட்டத்தின் பார்வையில் கட்டடமே. இரும்பு என்பதனால் விலக்கு இல்லை. ஆகவே, ‘இது பெட்டிதானே, அனுமதி எதற்கு’ என்னும் விற்பனையாளர் பேச்சை நம்பலாகாது. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மூன்றும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்கு உட்பட்டவை. வரைபடத்தை உரிய அலுவலகத்தில் காட்டி எழுத்து வழி ஒப்புதல் பெற்ற பின்னரே பெட்டகம் பேச வேண்டும்.

வரைபடம் போடும்போதுதான் மெய்ந்நிலை விளங்கும். 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. குளிர்சாதனம் பொருத்திய அறையாயின் 2.4 மீட்டர் போதும். வீட்டில் ஒரே ஓர் அறைதான் என்றால் அதன் அகலம் 2.4 மீட்டரேனும், பரப்பு 9.5 சதுர மீட்டரேனும் இருத்தல் வேண்டும். இனிப் பெட்டகத்தின் உள் அளவைப் பாருங்கள். உயரம் 2.39 மீட்டர், அகலம் 2.35 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 13.9 சதுர மீட்டர், அதாவது 149 சதுர அடி. பரப்பு போதும், உயரமும் அகலமும் போதா. விரற்கடை அளவில் தவறும் அகலத்தை வெப்பத் தடுப்புப் பலகை வைத்தபின் மேலும் பத்து சென்டிமீட்டர் இழப்போம். ‘ஹை கியூப்’ எனப்படும் உயர்ந்த வகைப் பெட்டகத்தின் வெளி உயரம் ஒன்பதரை அடி, உள்ளே 2.69 மீட்டர். அதுவும் 2.75ஐ எட்டவில்லை. அவ்வகை 40 அடிப் பெட்டகத்தில்தான் மிகுதி. 20 அடியில் அரிது.

சிறுமை ஒரு குறையன்று என்பதனையும் இங்கே கூறிவிட வேண்டும். பரமத்திவேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019இல் ஓர் ஆட்டோ வண்டியின்மேல் 36 சதுர அடியில் படுக்கை, சமையல், குளியல் அனைத்தும் அமைந்த ‘சோலோ 01’ என்னும் நகரும் சிறு வீட்டைச் செய்து காட்டினார். 149 சதுர அடியில் இருவர் மூவர் ஒழுங்காக வாழலாம். பொருளைக் குறைத்துக்கொண்டால் இடம் தானே பெருகும். தடையாவது பரப்பு அன்று. தலைக்குமேல் காற்று நிற்க இடமின்மையே. மின்விசிறியைத் தொங்கவிட்டால் கை தூக்குபவரின் விரல் படும் உயரம் அது.

வெயில்

இப்பகுதியே இக்கட்டுரையின் உயிர். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. கடற்காற்று மெரினாவைத் தொட்ட பின்னர் நெடுநேரம் கழித்தே ஆவடியையும் பூந்தமல்லியையும் அடையும். சில நாள்களில் அடைவதே இல்லை. ஆகவே, கோடைப் பிற்பகலில் மேற்குப் புறநகர் படும் பாடு கடலோரத்தார் அறியாதது.

எஃகு, செங்கல்லைப் போல் அறுபது எழுபது மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். செங்கற்சுவரின் கனம் ஒன்பது அங்குலம்; பெட்டகச் சுவரின் கனமோ ஒரு நாணயத்தின் அளவே. வெளித்தகட்டில் படும் வெயில் உடனே உள்தகட்டின் வெயிலாகிறது. கரும்பழுப்பு நிறப் பெட்டகத்தின் கூரை கோடை நண்பகலில் 60 டிகிரியைக் கடக்கும். அக்கூரை தலைக்குமேல் நின்று கீழே படுத்திருப்பவர்மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். சன்னலைத் திறந்து வைப்பதால் இவ்வீச்சு நில்லாது. ஒரு நன்மையையும் மறைக்காமல் கூறுவோம். கான்கிரீட் தளம் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவு பத்து மணி வரை உமிழும். தகடு பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் ஆறிவிடும். இரவு மட்டும் வந்து தங்குவோர்க்கு இது உதவலாம்.

வெள்ளை வண்ணம் பூசினால் போதும் என்பார் உளர். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெருஞ்சோதனை நடந்துள்ளது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் இந்திய இரயில்வே 5000க்கும் மேற்பட்ட பழைய பெட்டிகளை நோயாளர் தனிமை அறைகளாக மாற்றியது. அவற்றுட் பெரும்பாலானவை பெரம்பூர் வடிவமைப்பில் அமைந்த, குளிர்சாதனமில்லாப் பெட்டிகள். இரயில் பெட்டிக்காவது உட்சுவர்ப் பலகை உண்டு. அப்படியிருந்தும், வெயிலில் நிறுத்திய பெட்டிகளின் உள்ளே வெப்பம் தாங்கவில்லை என்னும் சிக்கல் எழுந்தது. வடக்கு இரயில்வே, வெப்பத்தை எதிரொளிக்கும் வண்ணத்தைக் கூரையிற் பூசிப் பார்த்தபோது உள்ளே குறைந்த வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி. வண்ணம் வேண்டியதே, வண்ணம் மட்டும் போதாது என்பது இதனாற் பெறப்படும்.

செய்யத்தக்கவற்றை அவற்றின் தகுதி வரிசையிற் கூறுவோம். முதலாவது நிழல். பெட்டகத்தின் கூரைக்குமேல் இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டு மற்றொரு தகட்டுக் கூரை போட வேண்டும். இது பெட்டகத்தின்மேல் ஊன்றாமல் தனிக் கால்களில் நிற்றல் நன்று. நாற்புறமும் நான்கடி வெளியே நீண்டிருக்க வேண்டும். வெயிலை மேற்கூரை வாங்கிக்கொள்ளும். இடையில் ஓடும் காற்று வெப்பத்தை அடித்துச் சென்றுவிடும். பண ஒதுக்கீட்டில் வேறு எதனைக் குறைத்தாலும் இதனைக் குறைத்தல் கூடாது. மழைக்காலத்தில் தகட்டின்மேல் விழும் துளிகளின் பேரோசையும் இதனால் ஓரளவு தணியும். அவ்வோசையில் பேச்சுக் கேளாது என்பது பெட்டக அலுவலகங்களில் வேலை செய்தோர் நன்கு அறிந்தது.

இரண்டாவது திசை. நீளப் பக்கம் வடக்கும் தெற்கும் நோக்குமாறு கிழமேலாகப் பெட்டகத்தைக் கிடத்த வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் எட்டடி அகல முகப்பில் மட்டுமே நேராகப் படும். மேற்கு முகப்புக்கு எதிரே ஒரு புங்கமோ வேம்போ நட்டுவிட்டால் ஐந்தாறு ஆண்டில் அப்பக்கக் கவலை தீரும்.

மூன்றாவதே வெப்பத் தடுப்புப் பொருள். தகட்டின் உட்புறம் 50 மில்லிமீட்டர் கனத்தில் பாலியுரித்தேன் நுரையைப் பீய்ச்சியோ பலகையாகவோ வைத்தால், சுவர்வழி வரும் வெப்பம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அந்நுரையும், மலிவாகக் கிடைக்கும் தெர்மாக்கோலும் தீப்பற்றினால் நச்சுப்புகை கக்குவன. சிமெண்டு நார்ப்பலகையாலோ ஜிப்சம் பலகையாலோ அவற்றை முற்றும் மூடாமல் விடலாகாது. அடுப்பு இருக்கும் பக்கத்தில் பாறைக்கம்பளி எனப்படும் ‘ராக்வுல்’ ஏற்றது; அது எரியாது, நனையாமல் காத்தால் போதும். தடுப்புப் பொருளுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விடுதல் மற்றொரு தவறு. மார்கழிப் பின்னிரவில் கூரைத்தகடு குளிர்ந்து, உள்ளிருப்போரின் மூச்சும் சமையல் ஆவியும் அதன்மேல் நீராகப் படியும். காலையில் ‘கூரை ஒழுகுகிறது’ என்று ஓட்டை தேடுவார்கள், ஓட்டை இராது. நாளடைவில் அந்நீர் துருவை வளர்க்கும்.

வெள்ளமும் காற்றும்

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரிகளின் பெயராலேயே அறியப்படும் பகுதி இது. 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களை எவரும் மறந்திருக்க மாட்டார். பெட்டகம் மிதக்கும் என்பதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கணக்கு எளியது. அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ 14.8 சதுர மீட்டர். உள்வேலைகள், தட்டுமுட்டுப் பொருள்கள் அனைத்தும் சேர்ந்து எடை 5 டன் என்று கொண்டால், 34 சென்டிமீட்டர் நீரை விலக்கினால் அது மிதக்கத் தொடங்கும். தளத்தின் அடியிலுள்ள உயரத்தையும் கூட்டிப் பார்த்தால், பெட்டகத்தின் அடிவிளிம்பிலிருந்து ஒன்றரை அடி நீர் போதும். முழங்கால் அளவு வெள்ளம்! கதவிடுக்கில் நீர் புகுவதால் அவ்வளவு எளிதில் மிதக்காது எனினும், நகர்ந்து சாயும்; கழிவுநீர்க் குழாயும் மின்கம்பியும் அறும்.

காற்றும் அத்தகையதே. சென்னைக்குக் கட்டடப் பொறியாளர் கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அவ்வேகத்தில் நீளப் பக்கத்தில் விழும் விசை இரண்டு டன்னுக்கும் மேல். வெறும் பெட்டகத்தைக் கவிழ்க்க அது போதும். ஆகவே, மனையின் பழைய வெள்ளக் குறியை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து, அதற்குமேல் நிற்குமாறு நான்கு மூலையிலும் கான்கிரீட் பீடம் எழுப்பி, பீடத்திற் பதித்த போல்ட்டுகளோடு மூலைகளைப் பிணைத்தல் இன்றியமையாதது. செங்கல்லை அடுக்கி அதன்மேல் உட்கார வைப்பது கட்டட வேலைக் கொட்டகைக்குச் சரி, குடியிருப்புக்கு ஆகாது.

மின்சாரம் பற்றி ஒரு சொல். செங்கல் வீட்டில் கம்பி ஒன்று கசிந்தால் ஒரு சுவிட்சு அதிரும். பெட்டக வீட்டில் வீடு முழுவதுமே மின் பாயும் பொருளாகிவிடும். பெட்டகத்தின் உடலை இரண்டு இடங்களில் எர்த் குழியோடு இணைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்தைப் பொருத்திய பின்னரே குடிபுக வேண்டும். இதற்குச் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

வாங்கும்போது நோக்க வேண்டுவன

ஒவ்வொரு பெட்டகத்துக்கும் நான்கு ஆங்கில எழுத்தும் ஆறு எண்ணும், கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு எண்ணுமாகப் பெயர் உண்டு. நான்காம் எழுத்து ‘யு’ என்றிருக்கும். அவ்வெண் சுரண்டப்பட்டிருந்தால் வாங்கற்க. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தச் சொல்லி நிமிர்ந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே துளை இருக்கிறது. மூலைத் தூணில் நசுங்கலோ, தள உத்தரத்தில் அடுக்கடுக்காகப் பெயரும் துருவோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

தளம் 28 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. பூச்சி அரிக்காமலிருக்க அதற்கு நச்சு மருந்து ஊட்டுவது வழக்கம். ஊட்டிய மருந்தின் பெயரும் காலமும் கதவுத் தகட்டிலேயே இருக்கும். அப்பெட்டகம் முன்பு என்ன சரக்கைச் சுமந்தது என்பதோ எவருக்கும் தெரியாது. அப்பலகையின்மேல் குழந்தை தவழ்வதை யார் விரும்புவர்? அதனை அகற்றிச் சிமெண்டுப் பலகை பரப்புவதே என் துணிபு. அகற்ற இயலாதெனில் மேலே எபாக்சி பூசி மூடலாம்.

பெட்டகம் வந்து சேரும் வழியையும் முன்னரே அளந்து பார்க்க வேண்டும். ட்ரெய்லர் வண்டி திரும்புவதற்கும், ஹைட்ரா கிரேன் நிற்பதற்கும் இடம் வேண்டும். நம் புறநகர் மனைப்பிரிவுகளின் குறுகிய சாலைகளில், குறுக்கே செல்லும் மின்கம்பிகளுக்குக் கீழே, இது எப்போதும் இயலுவதன்று. மதிற்சுவர் எழுப்பிய பின்னர்ப் பெட்டகத்தைக் கொண்டுவந்து, சுவரை இடித்து உள்ளே விட்டவர்களும் உண்டு.

எது தக்கது?

இதுவரை கண்டவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று புலனாகும். பெட்டகத்தின் விலையில் பெரும்பகுதி, 192 டன்னை மேலே தாங்கும் அதன் வலிமைக்கானது. ஒரே தளமுள்ள சிறு வீட்டுக்கு அவ்வலிமையால் யாதொரு பயனும் இல்லை. வீட்டுக்கு வேண்டிய உயரமும், அகலமும், குளிர்ச்சியும் அதனிடம் இல்லை. அவற்றை நாம் தனியே விலை கொடுத்துச் சேர்க்க வேண்டும். பழையதை மீண்டும் பயன்படுத்துகிறோம் என்னும் பெருமையும், கடலில் உழைத்து ஓய்ந்த பெட்டகத்துக்கே பொருந்தும். ஒரே ஒரு பயணம் வந்த புதுப் பெட்டகத்தை வாங்கி அறுப்பதில் மறுபயன்பாடு எங்கே?

இரண்டேகால் டன் எஃகை வெட்டுவதற்கு மாறாக, அம்பத்தூர்ப் பட்டறையாரிடமே சதுரக் குழாய்ச் சட்டமும் நுரை நிறைத்த இரட்டைத் தகட்டுப் பலகையும் கொண்டு, பத்தடி அகலம், பத்தடி உயரம் என வேண்டிய அளவில் புதிதாக ஒரு கூடத்தைச் செய்யச் சொல்லலாம். ‘போர்ட்டா கேபின்’ என்று வழங்குவது அதுவே. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான மாடுலஸ் ஹவுசிங் என்னும் நிறுவனம், மடித்து லாரியில் ஏற்றத்தக்க மருத்துவமனைக் கூடங்களைச் செய்து 2020இல் கேரளத்தின் வயநாட்டில் நிறுவியதும் இம்முறையைச் சார்ந்ததே. அவர்கள் சரக்குப் பெட்டகத்தை அறுக்கவில்லை; பெட்டகம் போலப் பெயர்த்துச் செல்லத்தக்க ஒன்றைத் தம் தேவைக்கேற்ற அளவில் வடித்தனர். முதியோர் உள்ள குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இவ்வழியையே.

பெட்டகந்தான் வேண்டும், அல்லது முன்னரே கையில் இருக்கிறது என்பார்க்கு ஓர் அமைப்பைக் கூறலாம். பெட்டகத்தை முதல் அறையாகக் கொள்ளாமல் இரண்டாம் அறையாகக் கொள்ளுங்கள். மனையின் வடபுறம் கிழமேலாக ஓர் உயர்ந்த வகைப் பெட்டகம். அதனையொட்டித் தெற்கே பன்னிரண்டடி அகலத்தில், செங்கற்சுவரும் பெரிய சன்னல்களும் கொண்ட ஒரு கூடம். இரண்டையும் சேர்த்து மூடும் ஒரே உயர்ந்த கூரை. கூடத்தின் தென்கிழக்குச் சன்னல்கள் கடற்காற்றை வாங்கும். சமையலும் பகற்பொழுதும் கூடத்தில். பெட்டகத்தில் குளியலறை, பொருளறை, குளிர்சாதனம் பொருத்திய ஒரு படுக்கை அறை. இரண்டாம் அறைக்கு விதித்தொகுப்பு கேட்பது 2.1 மீட்டர் அகலமும் 7.5 சதுர மீட்டர் பரப்புமே. குளிர்சாதன அறையாதலின் உயரம் 2.4 மீட்டர் போதும். உயர்ந்த வகைப் பெட்டகம், தடுப்புப் பலகை வைத்த பின்னரும் இவ்வளவுகளுக்குள் அடங்கும். 40 அடிப் பெட்டகத்தை வெட்டிக் குறைப்பதாயின், வெட்டிய முகப்பில் புதிய தூண்களும் சட்டமும் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒப்பந்தம் பேசும்போதே இதனை எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கினால் கத்திரி வெயிலுக்கு முன்னரே மேற்கூரை முடிந்துவிடும். முடிந்ததும் உடனே குடிபோக வேண்டா. சாதாரண வெப்பமானிகள் இரண்டை வாங்கி, ஒன்றைப் பெட்டக அறையில் படுக்கை உயரத்திலும், மற்றொன்றை வெளியே மரநிழலிலும் தொங்கவிட்டு, குளிர்சாதனத்தை இயக்காமல், சித்திரையில் ஒரு வாரம் நாள்தோறும் பிற்பகல் 3 மணிக்கு இரண்டையும் குறித்து வாருங்கள். மின்சாரம் நின்றுபோகும் பொழுதில் உள்ளிருப்பவர் நிலை என்ன என்பதை அக்குறிப்புக் காட்டிவிடும். உள்ளே உள்ள அளவு நிழலின் அளவைவிட இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் மிகுந்திருந்தால், கூரை இடைவெளியையும் தடுப்புப் பொருளையும் திருத்திய பின்னரே பெரியவர்களை அழைத்து வரலாம்.